பாதிக் கிணற்றை எப்படி மூடுவது? பங்குகாரருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்குகாரருக்கு,

கனடாவில் ஐந்து பேர், லண்டனில் மூன்று பேர், சுவிஸில் இரண்டு பேர், கொழும்பில் ஒருவர். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு வளவுக்கும் நடுவில், எல்லை மதிலுக்குக் கீழே நிற்கிற எங்கள் மதிற்கிணற்றின் மறுபாதிக்கு உரித்தானவர்கள் நீங்கள் பதினொரு பேர். இந்தப் பக்கத்துப் பாதி எனக்கும் தங்கைக்கும். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சிலருடைய முகவரி என்னிடம் இல்லை. சிலருக்குத் தங்களுக்கு ஊரில் கிணற்றுப் பங்கு இருப்பதே தெரியாது. இதே நிலையில் யாழ்ப்பாணத்தில் இன்னும் எத்தனையோ கிணறுகள் இருக்கின்றன, அவற்றின் பங்குகாரரும் வாசிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன். பெயர் யாருடையதும் போடவில்லை. வாசிக்கிறபோது உங்களுக்கே விளங்கும்.

போன மாசியில் ஒரு காலை, மதிலுக்கு அந்தப் பக்கம் ஆட்களின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நில அளவையாளர் ஒருவர், கொந்திராத்துக்காரர் ஒருவர், உங்களில் சிலர் அற்றோணி, அதாவது உங்களுக்காகச் செயற்படுகிற அதிகாரம், எழுதிக் கொடுத்து அனுப்பிய தம்பி ஒருவர். ஒழுங்கையில் ஒரு லொறி கட்டிட இடிபாடு நின்றது. என்ன விஷயம் என்று கேட்டேன். தம்பி மரியாதையான பிள்ளை, வணக்கம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, நாங்கள் உங்கட பக்கம் தொடவே மாட்டம். எங்கட பாதியைத்தான் மூடுறம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வட்டக் கிணறு. நடுவில் மதில் மேலே மட்டும்தான் போகிறது. தண்ணீருக்குள் மதில் கிடையாது. அந்தப் பக்கத்தால் கொட்டுகிற கல்லும் சீமெந்துக் கட்டியும் என் வாளிக்குள்தானே வந்து நிற்கும்? கொந்திராத்துக்காரருக்கு இது உடனே விளங்கிவிட்டது, பாவம், அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் உள்ளே போய்க் காணி உறுதியை எடுத்து வந்தேன். அன்றைக்கு லொறி திரும்பிப் போனது. அடுத்த முறையும் திரும்பிப் போகும் என்று என்ன நிச்சயம்?

உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் இந்தக் கிணறு ஏன் இப்படி மதிலுக்குள் நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பூட்டனாருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நாற்சார் வீடும் நாலு பரப்பும் மூத்தவவுக்குச் சீதனம், பக்கத்து நாலு பரப்பு இளையவவுக்கு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று கணக்குப் பார்த்தால் இரண்டு பேருக்குமாக அரை ஏக்கர் செம்மண் காணி. இருந்ததோ ஒரே கிணறு. எல்லை வேலி அதற்கு ஒரு பக்கமாகப் போயிருந்தால் ஒருத்தி மற்றவளிடம் தண்ணீருக்குக் கேட்டு நிற்க வேண்டி வரும். அதனால் கிழவர் வேலியை நேரே கிணற்றின் நடுவால் இழுத்தார். கிணற்றுக் கட்டு வரைக்கும் கிளுவைக் கதியால், கிணற்றுக்கு மேலே குறுக்காக ஒரு பனைமரத் துலாந்து, மறுபடி கதியால். குளிக்கிற நேரத்துக்கு மறைப்பாகத் துலாந்தில் கிடுகு தொங்கும்.

இரண்டு சீதன உறுதியிலும் ஒரே வாசகம்: கிணற்றில் அரைவாசிப் பங்கும், நீர் அள்ளும் உரிமையும், வழிவாய்க்காலும். யாழ்ப்பாணத்து உறுதி ஒன்றையாவது வாசித்தவருக்கு இந்த ஓசை பழக்கம். 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதித்த யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைக்குள் நிற்கிற காணிகளுக்கு, பங்கு என்பது விளையாட்டுச் சொல் இல்லை. பங்காளி தன் பங்கை வெளியாருக்கு விற்பதானால் மற்றப் பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்பதற்குச் சட்டமே இருக்கிறது. விற்பதற்கே அறிவிக்க வேண்டுமானால், மூடுவதற்கு?

வேலியை மதிலாக்கியது 1970 களில். அதற்கு முன்னால் கதியால் ஒவ்வொரு மாரியிலும் அரையடி நகரும், எங்கள் ஊர் வேலிகளின் வழக்கம் அதுதானே. இரண்டு பக்கமும் நகர்த்தினோம், அதை மறைக்கவில்லை. ஆனால் கிணற்றுக்கு மேலே இருந்த துலாந்தை மட்டும் யாரும் தொட்டதில்லை. மதில் கட்டியபோது மேசனார் கிணற்றுக்கு மேலே வளைவு ஒன்று வைத்து, அதன் மேல் மதிலைக் கொண்டுபோனார். அந்த வளைவின் அடியில் குனிந்து பார்த்தால் மறுவளவின் தோடை மரம் தெரியும்.

இனி நான் சொல்லப் போவதைக் கிணற்றடியில் நின்று பார்க்காதவருக்கு நம்புவது கொஞ்சம் கஷ்டம். பலாமரம் ஒன்றால் வந்த பிரச்சினையில் இரண்டு வீடும் ஏழெட்டு வருஷம் கதை பேச்சில்லாமல் இருந்தன. கலியாணம், செத்தவீடு ஒன்றுக்கும் போக்குவரத்தில்லை. அந்தக் காலத்திலும் இரண்டு வாளி ஒரே நேரத்தில் இறங்கினதில்லை. அங்கே கப்பி கிறீச்சிட்டால் அம்மம்மா இங்கே கயிற்றைப் பிடித்தபடி நிற்பா. அந்த வாளி மேலே போய்த் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் இந்த வாளி இறங்கும். இரண்டும் மோதினால் வாளி நெளியும், கயிறு முறுகும் என்பதுதான் காரணம், பெருந்தன்மை என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் யாருக்குச் சுகமில்லை, யார் வந்து நிற்கிறார்கள் என்பதெல்லாம் அள்ளுகிற வாளிக் கணக்கிலேயே அம்மம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

கட்டின் உள்விளிம்பில் கயிறு தேய்த்த தடங்கள் இருக்கின்றன. கப்பி வருவதற்கு முந்திய காலத்தவை. எங்கள் பக்கம் பதினான்கு. சுண்ணாம்புக் கல்லில் விரல் ஆழத்துக்கு, உள்ளே வழுவழுவென்று. உங்கள் பக்கத்துத் தடங்களைத் துலாவிக்கொண்டு கைபோடப் பார்த்தேன், எட்டவில்லை.

பெருமை பேசுகிற இடத்தில் இன்னொன்றையும் பேச வேண்டும். எங்கள் பக்கக் கிணற்றுக்கட்டிலிருந்து தண்ணீர் ஓடுகிற ஒரு பீலி மதிலுக்குள்ளால் போய் ஒழுங்கைப் பக்கத்துக் கல்தொட்டியில் முடிகிறது. விருந்தினர்கள் வந்தால் "அந்தக் காலத்திலேயே குழாய் மாதிரி!" என்று வியப்பார்கள். அது எதற்கென்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். சாதி சொல்லிக் கிணற்றுக் கயிற்றைத் தொட விடாமல் நாங்கள் தள்ளி வைத்தவர்கள் ஒழுங்கையில் குடத்தோடு காத்து நிற்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு மனம் வந்த நேரத்தில் ஊற்றினால் அங்கே வந்து விழும். கோடையில் காத்திருப்பு நீளும். மதிலுக்கு ஒழுங்கைப் பக்கத்தில் கதவு வைத்து, யாரும் வந்து அள்ளலாம் என்று ஆனது மிகவும் பிந்தித்தான், அதுவும் எங்கள் வீட்டுக்குள் பெரிய சண்டைக்குப் பிறகு. அந்தப் பீலியை அடைத்துப் பூசிவிடச் சொல்லி உறவினர் ஒருவர் ஆலோசனை சொன்னார். நான் அடைக்கவில்லை. கிணற்றோடு அதுவும் இருக்கட்டும்.

1995 ஒக்டோபர் 30 இரவை உங்களில் வயதானவர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. போர் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க இடம்பெயர்ந்து தெருவில் இறங்கியது. மழை வேறு. கிழக்கே தென்மராட்சிக்கு நடப்பதற்கு முன், தூக்க முடியாத பித்தளைச் சாமான்களை யூரியாப் பையில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம். நாங்கள் இந்தப் பக்கத்தால், உங்கள் சின்னம்மா அந்தப் பக்கத்தால். இருட்டில் வளைவுக்குக் கீழே அவவின் டோர்ச் வெளிச்சம் தண்ணீரில் ஆடியது. "இறக்கீட்டியளோ?" என்று கேட்டா. பலாமரத்துக்குப் பிறகு அவ எங்களோடு கதைத்த முதல் கதை அது.

1996 இல் திரும்பி வந்து கிணறு இறைத்தபோது இரண்டு வீட்டுச் சாமானும் ஒரே சேற்றில் கலந்து கிடந்தன. குத்துவிளக்கு இரண்டு, ஒரு தாம்பாளம், செம்புகள், காது உடைந்த ஒரு கிடாரம். எழுத்து வெட்டியிருந்ததை வைத்துப் பிரித்துக்கொண்டோம். ஒரு செம்பில் எழுத்தில்லை. எங்களுடையதும் இல்லை என்று அம்மா சொன்னா. அது இன்றைக்கும் என் மேசையில் பேனை போட இருக்கிறது.

சரி, பழைய கதை போதும். தம்பி என்னிடம் சொன்ன நியாயங்களுக்கு வருகிறேன். அவை ஒன்றும் முட்டாள்தனமானவை இல்லை.

முதலாவது, நுளம்பு. பாவிக்காத கிணறு நுளம்பு வளர்க்கும், சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடுவார் என்றார். உண்மைதான். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் மன்னாரில் புதிய மலேரியா நுளம்பு ஒன்றைக் கண்டார்கள். இந்தியாவிலிருந்து வந்த இனம் என்கிறார்கள். அதற்குக் கிணறு என்றால் கொள்ளை விருப்பம். பிறகு யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது. அதனால் கிணறுகளுக்கு மீன் விடுகிறார்கள், பாவிக்காததை வலை போட்டு மூடச் சொல்கிறார்கள். எங்கள் கிணற்றிலும் மீன் விட்டிருக்கிறார்கள். மீன் மதிலைப் பார்ப்பதில்லை, உங்கள் பக்கத்து நுளம்புக் குடம்பியையும் அதுதான் தின்கிறது. மேலுக்கு வலை போட்டால் பிள்ளைகள் விழுகிற பயமும் தீரும். அந்தப் பயம் எனக்கும் உண்டு, வளைவுக்கு அடியில் குனிந்து பார்ப்பது எந்தப் பிள்ளைக்கும் ஆசையான விஷயம். வலைச் செலவு என்னுடையது.

இரண்டாவது, குழாய்க்கிணறு அடிக்கப் போகிறோம், இது எதற்கு என்றார். இங்கேதான் எனக்கு உண்மையான பயம். நமது குடாநாட்டில் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஆறு. எங்கே நின்றாலும் கடலோ நீரேரியோ கூப்பிடு தூரம் மாதிரித்தான். வருஷத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும் கொட்டி முடிந்துவிடும். அந்த மழை சுண்ணாம்புக் கல்லின் துவாரங்களுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. பால் மேல் ஆடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரரின் கணக்கு. அதையே மறுபக்கமாகப் பாருங்கள்: மேலே ஓர் அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். நிலாவரை என்கிற ஆழக் கிணற்றைப் போய்ப் பார்த்தவருக்குத் தெரியும், மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். நமது வளவுக்குக் கீழேயும் அதே கதைதான்.

கையால் வெட்டின கிணறு ஆடையை மேலாகக் கிள்ளி எடுக்கிறது. ஆழக் குழாய் நேரே பாலுக்குள் போகிறது. இரண்டு மூன்று கோடைக்கு ஜோராகத் தண்ணீர் வரும், பிறகு தேத்தண்ணி உவர்க்கும். உவர்த்த பிறகு நீங்கள் ரொறொன்ரோவில் இருப்பீர்கள், தேத்தண்ணி குடிப்பது நாங்கள்.

என் பக்கமும் சுத்தம் இல்லை. ஆள் ஏறி மிதித்து இறைக்கிற மரத் துலா இருந்த காலத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறைக்கலாம் என்று மனிதக் காலே அளவு போட்டது. இப்போது நானும் மோட்டர் வைத்திருக்கிறேன், சுவிச்சைப் போட்டுவிட்டுப் பேப்பர் வாசிக்கிறேன். தொட்டி நிரம்பி வழிகிற சத்தத்தில்தான் பல நாள் எழும்பியிருக்கிறேன். குழாய்க்கிணற்றுக்காரரைத் திட்டுகிற முழுத் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மூன்றாவது விஷயத்தைத் தம்பி சொல்லவில்லை, வரைபடத்தில் நான் பார்த்தேன். கிணறு இருந்த இடத்திலிருந்து இருபதடி தள்ளி மலக்குழி. கிணறு இல்லை என்றாகிவிட்டால் அதற்குத் தடை சொல்ல ஆளில்லை, சரிதானே? மலக்குழி கிணற்றிலிருந்து ஐம்பதடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்கிற கணக்கு. நமது சுண்ணாம்புக் கல்லில் அதுவே போதுமா என்பது வேறு விஷயம். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிக்கொண்டு போகிறது என்று பல்கலைக்கழகக்காரர் 1980 களிலிருந்து அளந்து அளந்து சொல்கிறார்கள். தோட்டத்துப் பசளையும் மலக்குழியும்தான் காரணம். ஒரு லீற்றரில் ஐம்பது மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. சுன்னாகத்தில் 2014, 2015 வாக்கில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததே, அது எத்தனை வளவு தாண்டிப் போனது என்று பாருங்கள். உங்கள் மலக்குழியும் மதிலோடு நிற்காது.

தாளையடியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையம் 2024 இல் திறந்துவிட்டார்கள், குழாய்த் தண்ணீர் வருகிறது, இனிக் கிணறு எதற்கு என்று உங்களில் ஒருவர் என் தங்கைக்குச் செய்தி அனுப்பியிருந்தீர்கள். வரட்டும், நல்ல விஷயம். குடிக்க அதை எடுப்போம். ஆனால் கடலை வடிகட்டின தண்ணீரால் வாழைக்கு இறைக்கவும் முற்றம் கழுவவும் எனக்கு மனம் வராது. கரண்ட் நின்ற நாளில் அதுவும் வராது. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்க்கு விலை ஏறி இறைக்கிற மிஷின்கள் படுத்தபோது, பழைய துலாக்கள்தான் மறுபடி எழும்பின. அப்போது கிணறு இருந்ததால்தான் துலா எழும்பியது.

இப்போது கணக்கு. இளையவவுக்கு ஐந்து பிள்ளைகள், அதனால் அந்த அரைவாசி பத்தில் ஒன்று பத்தில் ஒன்றாகப் பிரிந்தது. அதில் ஒரு பங்கு நாலு பேருக்குப் போயிருக்கிறது. ஆகவே இதை வாசிக்கிற ஒரு மருமகளுக்கு இந்தக் கிணற்றில் நாற்பதில் ஒரு பங்கு சொந்தம். பிள்ளை, உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பதினாறு நாளைக்கு ஒரு முறை இறைப்பு முறை வருகிற தோட்டக் கிணறுகள் இங்கே இருந்தன. அந்த ஒரு நாளை நம்பிக் குடும்பம் நடத்தினார்கள். நாற்பதில் ஒன்று சும்மா இல்லை. அற்றோணியில் நீங்கள் கையெழுத்து வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன், தம்பியிடம் இருப்பது ஏழு பேரின் கையெழுத்துத்தான். மற்ற நாலு பேருக்கும் சொல்கிறேன்: என்ன எழுதியிருக்கிறது என்று முழுதும் வாசிக்காமல் வையாதீர்கள். காணியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு, கிணற்றைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

உங்கள் நாலு பரப்பில் வீடு கட்டுவதை நான் மறிக்கவில்லை. சந்தோஷம். அந்த வளவில் விளக்கு எரிந்து முப்பது வருஷம். ஆனால் மலக்குழியைத் தென்மேற்கு மூலைக்குத் தள்ளிப் போடுங்கள், இடம் இருக்கிறது, அளந்து பார்த்தேன், அறுபத்திரண்டு அடி வரும். குழாய் அடிக்காதீர்கள், மோட்டரைக் கிணற்றுக்கே வையுங்கள். இரண்டு மோட்டரும் ஒரே நேரத்தில் ஓடாமல் முறை வைத்துக்கொள்வோம். அதிலே எங்களுக்குப் பழைய அனுபவம் இருக்கிறது.

வருகிற ஆவணிக் கடைசியில், தண்ணீர் நன்றாக வத்தியிருக்கும்போது, கிணறு இறைத்துச் சேறு அள்ளப் போகிறேன். நாலு பேர் இரண்டு நாள் வேலை. கூலியில் பாதி என்னுடையது. மறுபாதியை நீங்கள் பதினொரு பேரும் பங்குப்படி பிரித்தால் சிலருக்கு ஒரு கோப்பிக் காசும் வராது. அனுப்பாவிட்டாலும் இறைப்பேன். ஆனால் அந்தப் பக்கத்தால் ஆள் இறங்க உங்கள் அனுமதி வேண்டும். படலைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறீர்கள். திறப்பு யாரிடம் என்று ஒருவராவது எனக்கு எழுதுங்கள்.

உங்கள் பக்கத்துக் கப்பியில் கயிறு உக்கிப்போய் அறுந்துவிட்டது. வாளி கீழே கிடக்கிறது, வெயில் ஏறின நேரத்தில் தெரிகிறது. சேறு அள்ளும்போது எடுத்து வைக்கிறேன். செம்பும் இருக்கிறது. யாராவது ஊருக்கு வந்தால் இரண்டையும் வாங்கிக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
மதிலுக்கு இந்தப் பக்கத்துப் பங்குகாரன்